பிரிட்டன் வீட்டுச் சூடாக்கம்: மானியம் தருகிறார்கள், ஆனாலும் ஏன் கேஸ் பாய்லரே ஜெயிக்கிறது?

குளிர்தாங்கி (ஹாரோ) எழுதியது:

எங்கள் பாய்லர் கிழடு தட்டிவிட்டது. மாற்றலாம் என்று விலை கேட்டேன். புதுக் கேஸ் பாய்லர் வேலைக்கூலியோடு 2,800 பவுண்டு. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் விடும் ஹீட் பம்ப் என்றால் அரசு மானியம் 7,500 பவுண்டைக் கழித்த பிறகும் 5,400. ரேடியேட்டர் நாலைந்து மாற்ற வேண்டும் என்று வேறு சொல்கிறார்கள்.

எதை வாங்கலாம் என்று யோசனை கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை. எனக்குப் புரியாதது அரசின் போக்கு. 2008இல் காலநிலை மாற்றச் சட்டம் போட்டார்கள். 2050க்குள் பசுங்குடில் வாயு உமிழ்வை 80 விழுக்காடு குறைப்போம் என்றது அது. 2019இல் அதையே நிகர பூஜ்யம் (நெட் சீரோ), அதாவது வெளியிடுவது எல்லாவற்றையும் ஈடுகட்டுவது, என்று ஆக்கினார்கள். இந்த நாட்டில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கேஸில் சூடாகின்றன. அதைத் தொடாமல் பூஜ்யம் எப்படி வரும்? 2020 நவம்பரில் போரிஸ் ஜான்சன், 2028க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் பொருத்துவோம் என்று அறிவித்தார். 2024இல் விற்றது ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதே ஆண்டில் கேஸ் பாய்லர் 15 லட்சம் அளவுக்கு விற்றிருக்கிறது.

மானியம் இருக்கிறது, 2022 ஏப்ரலிலிருந்து வாட் வரியும் கிடையாது. பிறகு எங்கே சிக்குகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாய்லர்காரர் (குரோய்டன்) எழுதியது:

தம்பி, மானியத்தை விடுங்கள், மின்சார பில்லைப் பாருங்கள். நான் கேஸ் வேலைக்கும் ஹீட் பம்ப் வேலைக்கும் இரண்டுக்கும் போகிறவன். வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் 2025 கணக்கில் சராசரி வீடு ஆண்டுக்கு 11,500 யூனிட் கேஸ் எரித்தது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது வைத்த விலை வரம்பு, யூனிட்டுக்கு, கேஸ் என்றால் 6.29 பென்ஸ், மின்சாரம் என்றால் 26.35 பென்ஸ். அந்த விலையில் கேஸ் 723 பவுண்டு வந்தது. நாள் ஒன்றுக்கு 34 பென்ஸ் நிலைக் கட்டணம் சேர்த்தால் 847.

பாய்லர் 88 விழுக்காடு திறனில் ஓடுகிறது என்று வையுங்கள். வீட்டுக்குள் வருகிற வெப்பம் 10,120 யூனிட். இதே வெப்பத்தை ஹீட் பம்பில் எடுக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? அரசே செலவழித்து 742 வீடுகளில் பொருத்தி அளந்து பார்த்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.8 யூனிட் வெப்பம் என்பது நடுவில் வந்த விடை. அப்படியானால் 3,614 யூனிட், 952 பவுண்டு. கேஸ் கனெக்‌ஷனை முழுதாக வெட்டிவிட்டால்கூட ஆண்டுக்கு 105 பவுண்டு கூடுதல். 5,400 கொடுத்துவிட்டு மேலே 105 கொடு என்றால் யார் வருவார்?

நன்றாக வடிவமைத்த வேலை என்றால் 3.5 வரும். அப்போது 762 பவுண்டு, 85 மிச்சம். 2.8க்கும் 3.5க்கும் நடுவில் இருப்பது இயந்திரம் அல்ல, பொருத்துகிற ஆளின் கை. அந்தக் கை உங்கள் வீட்டுக்கு வருமா என்பது அதிர்ஷ்டம்.

கார்பனையும் சொல்லிவிடுகிறேன். 11,500 யூனிட் கேஸ் எரித்தால் ஏறத்தாழ 2.1 டன் கரியமில வாயு. இங்கே மின்சாரம் 2024இல் யூனிட்டுக்கு 125 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ராட்கிளிஃப் நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30இல் மூடியதோடு கரியும் போய்விட்டது. அந்த 3,614 யூனிட்டுக்கு அரை டன்கூட வராது. பூமிக்கு ஐந்தில் ஒரு பங்கு சுமை, பைக்குக் கூடுதல் சுமை.

---

குளிர்தாங்கி எழுதியது:

அண்ணை, மின்சாரத்தில் பாதிக்குப் பாதி காற்றிலும் வெயிலிலும் அணுவிலும் வருகிறது என்கிறார்களே. பிறகு ஏன் கேஸை விட நாலு மடங்கு விலை?

---

கவுன்சில் மேசை எழுதியது:

அதற்கு இரண்டு காரணம். முதலாவது, மொத்தச் சந்தையில் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் கடைசியாகத் தேவைப்படும் நிலையத்தின் விலையே எல்லோருக்கும் விலை. பிரிட்டனில் பெரும்பாலான நேரம் அந்தக் கடைசி நிலையம் கேஸ் நிலையம். காற்றாலை எவ்வளவு ஓடினாலும் கேஸ் விலைதான் மேலே உட்கார்ந்திருக்கிறது. புதுக் காற்றாலைகள் நிலையான விலை ஒப்பந்தத்தில் வருவதால் இது மெதுவாக மாறும்.

இரண்டாவது காரணம் முழுக்க அரசு செய்தது. பழைய காற்றாலை, சூரியசக்தித் திட்டங்களுக்கான உதவித்தொகையை மின்சார பில்லில் ஏற்றி வைத்தார்கள். ஏழை வீடுகளுக்கு, வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் போடும் ஈகோ திட்டச் செலவையும் பில்லில்தான் ஏற்றினார்கள். கேஸ் பில்லில் இந்தச் சுமை மிகக் குறைவு. மின்சாரம் அழுக்காக இருந்த காலத்தில் போட்ட ஏற்பாடு. மின்சாரம் சுத்தமான பிறகும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு கையால் மானியம் கொடுத்து மறு கையால் பில்லில் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

---

கணக்கன் எழுதியது:

என் பார்வை வேறு. பத்தாண்டுகளாக மானியத்தில் ஓடும் பொருள் இன்னும் மானியம் இல்லாமல் விற்க முடியவில்லை என்றால் அந்தப் பொருள் தயாராகவில்லை. 5,000 பவுண்டில் தொடங்கி 2023 அக்டோபரில் 7,500 ஆக்கினார்கள். நிறுவும் நிறுவனங்கள் விலையைக் குறைத்தார்களா? மானியத்தை எடுப்பவர் யார்? சொந்த வீடும் கையில் ஐயாயிரமும் உள்ளவர். அவருக்கான பணம் வாடகை வீட்டில் இருப்பவரின் வரியிலிருந்து போகிறது. இதைப் பசுமை என்று சொல்லி ஏமாற்றக் கூடாது.

---

ஈஸ்ட்ஹாம் மாடி எழுதியது:

அந்த வாடகை வீட்டுக்காரி நான்தான். கணக்கன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு எந்த மானியமும் பொருந்தாது. பாய்லரை முடிவு செய்பவர் வீட்டு உரிமையாளர், பில் கட்டுபவள் நான். அவருக்கு ஜன்னல் இடுக்கில் காற்று வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

ஆனால் தீர்வு மானியத்தை நிறுத்துவது என்றால் எனக்கு என்ன கிடைக்கும்? எனக்குத் தேவை சட்டம். வாடகைக்கு விடும் வீடு ஈபிசி என்ற எரிசக்திச் சிக்கன மதிப்பீட்டில் (‘ஏ’ நல்லது, ‘ஜி’ மோசம்) குறைந்தது ‘இ’ இருக்க வேண்டும் என்று 2018இல் கொண்டுவந்தார்கள். 2020இலிருந்து பழைய வாடகைக்கும் அது பொருந்தும். அதை ‘சி’க்கு உயர்த்துவோம் என்றார்கள். 2023 செப்டம்பரில் ரிஷி சுனக் அதைக் கைவிட்டார், எண்ணெய் பாய்லர் தடையையும் 2026இலிருந்து 2035க்குத் தள்ளினார். அடுத்த அரசு வந்து 2030க்குள் ‘சி’ என்று மறுபடி எடுத்திருக்கிறது. எங்கள் வீட்டு உரிமையாளர் என்ன செய்வார்? அடுத்த தேர்தல் வரை காத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் காத்திருப்பேன்.

---

பழைய கரி எழுதியது:

பிள்ளைகள் எல்லோரும் 2008க்குப் பிறகு நடந்ததையே கதைக்கிறீர்கள். இந்த நாடு வீட்டு நெருப்பை ஏற்கெனவே இரண்டு தரம் மாற்றியிருக்கிறது.

முதல் தரம் 1952 டிசம்பர் புகைமூட்டத்துக்குப் பிறகு. லண்டனில் நாலைந்து நாள் புகை கலையவில்லை, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. தெருத் தெருவாகப் புகை கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்தார்கள். அங்கே சாதாரண நிலக்கரி எரிக்கக் கூடாது. ஆனால் அடுப்பு மாற்றும் செலவில் பெரும்பங்கை உள்ளூராட்சியும் அரசும் ஏற்றுக்கொண்டன. தடையும் காசும் ஒன்றாக வந்தன.

இரண்டாவது தரம் நான் இங்கே படிக்க வந்த காலம். வட கடலில் கேஸ் கிடைத்தவுடன், அதுவரை நிலக்கரியிலிருந்து காய்ச்சிய நகர கேஸை நிறுத்தினார்கள். இரண்டுக்கும் பர்னர் வேறு. 1966இல் கேன்வி தீவில் ஒத்திகை பார்த்துவிட்டு 1967இலிருந்து 1977 வரை, பத்து வருடத்துக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் நுழைந்து ஏறத்தாழ 4 கோடி அடுப்பையும் ஹீற்றரையும் மாற்றினார்கள். எங்கள் தெருவுக்கு வந்தபோது முதலில் ஒருவர் வந்து ஒவ்வொரு வீட்டிலும் என்னென்ன இருக்கிறதென்று எழுதிக்கொண்டு போனார். பிறகு குறிப்பிட்ட நாளில் முழுத் தெருவுக்கும் கேஸை நிறுத்தி மாற்றினார்கள். எவரும் எங்களிடம் மூன்று கொட்டேஷன் எடு, விண்ணப்பம் போடு என்று சொல்லவில்லை.

இன்றைக்கு நெற் சீரோவை, அந்த நிகர பூஜ்யத்தை, ஒவ்வொரு வீட்டுக்காரனும் தனித்தனியாக இணையத்தில் தேடிச் செய்யவேண்டும் என்று விட்டிருக்கிறார்கள். நடக்குமா?

---

கணக்கன் எழுதியது:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். 1967இல் கேஸ் முழுவதும் அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. புது கேஸ் மலிவு, மக்கள் வீடு முழுக்கச் சூடாக்கும் வசதியை விரும்பினார்கள். அப்போது மாற்றியது பர்னரை. இப்போது ஹீட் பம்ப் என்றால் தண்ணீர்த் தொட்டிக்கு இடம் வேண்டும், தோட்டத்தில் அதன் பெட்டி வேண்டும், சுவரை மூட வேண்டும். அரசு ஆள் வந்து என் வீட்டு ஹாலைக் கலைத்துப் போட நான் விட மாட்டேன்.

---

பழைய கரி எழுதியது:

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2005 ஏப்ரலில் என்ன நடந்தது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்துகிற கேஸ் பாய்லர், புகையோடு போகும் நீராவியைக் குளிர்வித்து அந்த வெப்பத்தையும் பிடிக்கும் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டட விதியில் போட்டார்கள். மானியம் இல்லை, பெரிய விளம்பரம் இல்லை. பழசு பழுதானால் புதுசு அந்த வகை. வீட்டு கேஸ் பாவனை அந்தக் காலத்தில்தான் உச்சத்தில் இருந்து இறங்கத் தொடங்கியது. உங்கள் ஹாலை யாரும் கலைக்கவில்லையே.

---

பாய்லர்காரர் எழுதியது:

2005ஐ நான் நேரில் பார்த்தவன். கண்டென்சிங் பாய்லர் பழுதாகும், குளிரில் குழாய் உறையும், எல்லாரும் திருப்பி அனுப்புவார்கள் என்று எங்கள் தொழிலிலேயே ஒப்பாரி. இரண்டு வருடத்தில் எல்லோரும் கற்றுக்கொண்டோம். தேதி உறுதியாக இருந்ததால் பயிற்சிக்குப் போனோம். இப்போது தேதி ஒவ்வொரு பிரதமரோடும் மாறுகிறது. என்னோடு வேலை செய்த பையன்கள் ஹீட் பம்ப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு யோசிக்கிறார்கள், அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. விற்கும் பாய்லரில் இவ்வளவு விழுக்காட்டுக்கு ஹீட் பம்பும் விற்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு ஒதுக்கீடு வைத்தார்கள். 2024 ஏப்ரலில் தொடங்க வேண்டியது. குறையும் ஹீட் பம்ப் ஒன்றுக்கு 3,000 பவுண்டு அபராதம் என்றதும் நிறுவனங்கள் பாய்லர் விலையில் 120 பவுண்டு வரை ஏற்றின. பத்திரிகைகள் ‘பாய்லர் வரி’ என்று கத்தின. அரசு ஒரு வருடம் தள்ளி, 2025 ஏப்ரலில் 6 விழுக்காடு, முதல் வருடம் அபராதம் 500 பவுண்டு என்று மெல்லிதாக்கித் தொடங்கியது.

---

கவுன்சில் மேசை எழுதியது:

பெரியவர் சொன்ன ‘தனித்தனியாக விட்டுவிட்டார்கள்’ என்ற இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் ஒரு உள்ளூராட்சிக் கவுன்சிலில் வீட்டு எரிசக்தித் திட்டங்களைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். திட்டம் வரும், ஆள் எடுப்போம், படிவம் அச்சடிப்போம், திட்டம் போகும்.

2002 முதல் 2012 வரை எரிசக்தி விற்பனை நிறுவனங்களுக்கு இலக்கு வைத்து, லாஃப்ட் (கூரைக்கு அடியில்) இன்சுலேஷனும் இரட்டைச் சுவர் இடைவெளி நிரப்புவதும் லட்சக்கணக்கான வீடுகளில் நடந்தன. சலிப்பான வேலை, யாரும் ரிப்பன் வெட்டவில்லை. ஆனால் நடந்தது. 2012க்குப் பிறகு அதை நிறுத்தி, 2013 ஜனவரியில் கிரீன் டீல் கொண்டுவந்தார்கள். கடன் வாங்கி இன்சுலேஷன் போடு, மின்சார பில்லில் திருப்பிக் கட்டு, மிச்சமாகும் தொகையை விடத் தவணை அதிகமாகாது என்பது பொன்விதி. கேட்க அழகு. வட்டி 7 விழுக்காட்டுக்கு மேல். வீட்டுக்கடனே அதைவிட மலிவாகக் கிடைக்கும்போது யார் வாங்குவார்? 2015 ஜூலையில் மூடும்வரை கடன் எடுத்த வீடுகள் 14,000 அளவில். தேசிய தணிக்கை அலுவலகம் 2016இல் கணக்குப் பார்த்தபோது 24 கோடி பவுண்டு போயிருந்தது. அந்தச் செலவு இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியதைத் தாண்டி எந்த மிச்சமும் காட்ட முடியவில்லை என்று எழுதினார்கள். இடையில் லாஃப்ட், சுவர் வேலை படுத்தேவிட்டது. அதைச் செய்துகொண்டிருந்த சின்ன நிறுவனங்கள் கடையைக் கட்டின.

அதே 2015 ஜூலையில் இன்னொன்றும் செய்தார்கள். 2016இலிருந்து கட்டும் புது வீடெல்லாம் கார்பன் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று 2006இல் நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் அறிவித்த விதியை, பின்னால் நிதியமைச்சரான ஜார்ஜ் ஆஸ்போர்ன் தூக்கிப் போட்டார். எனக்கு இதுதான் மிகப் பெரிய கோபம். பழைய வீட்டைத் திருத்துவது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு கட்டிய வீடுகள் எத்தனையோ லட்சம்! பெரும்பாலானவற்றில் கேஸ் பாய்லர். அவற்றையும் இனி நாம்தான் பிரித்துத் திருத்த வேண்டும். செங்கல் வைக்கும்போதே சில ஆயிரத்தில் முடிந்திருக்கும்.

அப்புறம் கோவிட் காலத்து கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் என்ற வீட்டுத் திருத்த மானியம். 2020 ஜூலையில், அப்போது நிதியமைச்சராக இருந்த சுனக் அறிவித்தார், செப்டம்பர் கடைசியில் திறந்தார்கள், 2021 மார்ச் 31இல் மூடினார்கள். 150 கோடி பவுண்டு, 6 லட்சம் வீடு என்பது பேச்சு. கடைசியில் 47,500 வீடு, செலவு 31 கோடி சொச்சம், அதில் 5 கோடி வெறும் நிர்வாகச் செலவு. விண்ணப்பித்தவர்களுக்கு வவுச்சர் வரவில்லை, வேலை முடித்த நிறுவனங்களுக்குப் பணம் வரவில்லை. எங்கள் பகுதியில் அதை நம்பி ஆள் எடுத்த ஒருவர் ஆளை அனுப்பிவிட்டார். அடுத்த திட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டபோது போனையே எடுக்கவில்லை.

---

ஈஸ்ட்ஹாம் மாடி எழுதியது:

நல்லது. இத்தனை தோல்விக்குப் பிறகு இன்சுலேஷன் என்றாலே நல்லது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். என் சித்தி வீட்டுச் சுவருக்கு வெளியே இலவசமாகப் பலகை ஒட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த குளிர்காலத்தில் படுக்கையறைச் சுவர் கறுப்பு. பூஞ்சை. செய்த நிறுவனத்தின் போன் எண் இப்போது வேலை செய்வதே இல்லை.

---

கவுன்சில் மேசை எழுதியது:

உங்கள் சித்தி தனி ஆள் அல்ல. 2025 அக்டோபரில் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்து நானே அதிர்ந்தேன். ஈகோ வகைத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறை. 22,000க்கு மேற்பட்ட வீடுகள். உள்சுவர் வேலையில் 29 விழுக்காடு. மழைநீர் வடியும் இடத்தை மூடியது, ஜன்னல் விளிம்பை அடைக்காதது, காற்றோட்டத்துக்கு வழி வைக்காதது. இதெல்லாம் புதுப் பாடமும் இல்லை. பிரெஸ்டனில் ஃபிஷ்விக் பகுதியில் 2013 வாக்கில் முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளில் இதே வேலை இதே மாதிரி கெட்டது.

காரணம் எனக்கு இப்படித் தெரிகிறது. இலக்கை எரிசக்தி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அது ஒப்பந்தக்காரருக்கு, அவர் கீழ் ஒப்பந்தக்காரருக்கு. எத்தனை வீடு முடிந்தது என்பதற்குப் பணம். வீடு உலர்ந்திருக்கிறதா என்று இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்ப்பதற்கு யாருக்கும் பணம் இல்லை. சோதிக்கும் அமைப்புகள் பல இருந்தன, பொறுப்பு எதனிடமும் இல்லை.

சித்தி செய்ய வேண்டியது: வேலைக்கு 25 ஆண்டு உத்தரவாதக் காகிதம் இருக்க வேண்டும், அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நிறுவியவர் மறைந்துவிட்டாலும் உத்தரவாதம் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். தரச்சான்று அமைப்பான டிரஸ்ட்மார்க்கிலும் ஆஃப்ஜெமிலும் எழுத்தில் புகார் கொடுக்கட்டும். பூஞ்சையின் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம், முதலில் படம் எடுக்கட்டும்.

---

பெல்ஃபாஸ்ட் மழை எழுதியது:

மானியத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர் கதையை விட்டுவிட்டீர்களே! வட அயர்லாந்தில் 2012 நவம்பரில் மரத்துண்டு பாய்லருக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். கடைகள், பண்ணைகள், கொட்டகைகளுக்கு. இங்கிலாந்தில் இதே திட்டத்தில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் எரித்தால் தொகை குறைந்துவிடும். எங்களுக்கு நகலெடுத்தவர்கள் அந்த ஒரு விதியை விட்டுவிட்டார்கள். ஒரு பவுண்டுக்கு மரத்துண்டு எரித்தால் ஒரு பவுண்டுக்கு மேல் திரும்பி வரும். எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவு லாபம்.

20 ஆண்டுகளில் கூடுதல் செலவு 50 கோடி பவுண்டுக்கு அருகே போகும் என்று ஒரு கட்டத்தில் மதிப்பிட்டார்கள். திட்டம் வந்தபோது துறை அமைச்சராக இருந்த ஆர்லீன் ஃபோஸ்டர் பிறகு முதல் அமைச்சர் ஆனார். அவர் ஒதுங்க மறுத்ததால் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் 2017 ஜனவரியில் பதவி விலகினார். அதோடு சட்டமன்றம் மூன்று வருடம் முடங்கியது. 2020 மார்ச்சில் விசாரணை அறிக்கை வந்தது. ஊழல் அல்ல, திறமைக் குறைவு என்றது. கார்பனைக் குறைக்க வந்த திட்டத்தில் காலிக் கொட்டகையைச் சூடாக்கி அரசாங்கமே விழுந்தது எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கும்.

---

கணக்கன் எழுதியது:

நன்றி, என் வாதத்தை எனக்கே கொடுத்துவிட்டீர்கள் 😄

---

பெல்ஃபாஸ்ட் மழை எழுதியது:

இல்லை ஐயா. மானியம் கூடாது என்று நான் சொல்லவில்லை. உச்சவரம்பு இல்லாத மானியம் கூடாது என்கிறேன்.

---

ஒஸ்லோ பனி எழுதியது:

இங்கே நோர்வேயில் பத்தில் ஆறு வீட்டுக்கு மேல் ஹீட் பம்ப் இருக்கிறது. மைனஸ் பதினைந்திலும் ஓடுகிறது. ‘குளிரில் வேலை செய்யாது’ என்று லண்டனில் உள்ள மச்சான் சொல்லும்போது சிரிப்புத்தான் வரும். ஆனால் உண்மையைச் சொன்னால் எங்களுக்கு இது சுலபம். வீட்டுக்கு கேஸ் குழாயே கிடையாது. மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க நீர்மின்சாரம். பெரும்பாலானவை ஏசி மாதிரி சுவரில் மாட்டி அறைக் காற்றைச் சூடாக்கும் வகை. குழாய், ரேடியேட்டர், தொட்டி எதுவும் வேண்டாம். ஒரு நாள் வேலை. சாதாரண மின் ஹீட்டரோடு ஒப்பிட்டால் பில் பாதிக்குக் கீழே போகும். அதனால் யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. எஞ்சியிருந்த எண்ணெய்ச் சூடாக்கத்தை 2020 ஜனவரி முதல் தடை செய்தபோதும் பெரிய சத்தம் இல்லை. எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

டென்மார்க்கில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஹீட் பம்பும் இல்லை, பாய்லரும் இல்லை. பொது நிலையத்தில் காய்ச்சி நகரம் முழுக்க அனுப்பும் வெந்நீர்க் குழாய். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1979இல் வெப்ப விநியோகச் சட்டம் போட்டு, எந்தப் பகுதிக்கு எது என்று நகராட்சிகள் திட்டமிட்டன. இன்று மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் அதில்தான். அடுக்குமாடி நிறைந்த லண்டனுக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

---

குளிர்தாங்கி எழுதியது:

குழாயில் கேஸுக்குப் பதில் ஹைட்ரஜன் வரப்போகிறது, கொஞ்சம் பொறு என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். பொறுக்கலாமா?

---

பாய்லர்காரர் எழுதியது:

வேண்டாம். எல்லஸ்மியர் போர்ட் பக்கம் விட்பி என்ற ஊரில் சோதிக்கப் போனார்கள், ஊர்ச் சனம் எதிர்த்தது, 2023 ஜூலையில் கைவிட்டார்கள். ரெட்காரில் வைத்திருந்ததும் அதே டிசம்பரில் போனது. தேசிய உள்கட்டமைப்பு ஆணையமே வீட்டுச் சூட்டுக்கு ஹைட்ரஜன் வேண்டாம் என்று எழுதிவிட்டது. மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்து அதை எரிப்பதற்கு, அதே மின்சாரத்தை ஹீட் பம்பில் கொடுத்தால் நாலைந்து மடங்கு வெப்பம் வரும். ‘ஹைட்ரஜனுக்குத் தயார்’ என்று பெட்டியில் ஒட்டியிருப்பதைப் பார்த்து யாரும் கேஸ் பாய்லர் வாங்காதீர்கள்.

---

கணக்கன் எழுதியது:

எல்லாம் பேசியாயிற்று, நிதியமைச்சராக ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பர் 26இல் போட்ட பட்ஜெட்டை யாரும் தொடவில்லை. பழைய புதுப்பிக்கத்தக்க உதவித்தொகைச் சுமையில் 75 விழுக்காட்டை 2026 ஏப்ரலிலிருந்து மூன்று வருடத்துக்கு பில்லிலிருந்து எடுத்துப் பொது வரிக்கு மாற்றுவதாக அறிவித்தார். ஈகோ திட்டத்தை 2026 மார்ச்சோடு முடிப்பதாகவும் சொன்னார். சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு குறையும் என்றார்கள். இதை நான் வரவேற்கிறேன். மானியத்தை விட விலையைச் சரி செய்வது மேல். பில்லில் மறைத்து வசூலிப்பதை விட வரியாகக் காட்டி வசூலிப்பது நேர்மை.

---

ஈஸ்ட்ஹாம் மாடி எழுதியது:

மூன்று வருடம் என்பதைப் பார்த்தீர்களா? பாய்லர் பதினைந்து வருடம் ஓடும். மூன்று வருடம் கழித்து பில் ஏறாது என்று யார் சொன்னது? ஈகோ எவ்வளவு கெட்டிருந்தாலும் ஏழை வீட்டுக்குள் வந்த பெரிய திட்டம் அது. அதை நிறுத்திய பிறகு அதே வேலையை யார் செய்வார்கள்?

---

கவுன்சில் மேசை எழுதியது:

2025 ஜூன் செலவுத் திட்டத்தில் ‘வார்ம் ஹோம்ஸ்’ என்று 1,320 கோடி பவுண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். பட்ஜெட்டிலும் கொஞ்சம் சேர்த்தார்கள். ஒரு பகுதி எங்களைப் போன்ற கவுன்சில்கள் வழியாக வரும். தெருவாக எடுத்துச் செய்ய வாய்ப்பு உண்டு. ஆனால் எங்களிடம் சுவரைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பரிசோதகர்கள் போதுமான அளவு இல்லை. ஒதுக்கீட்டை ஆண்டு முடிவுக்குள் செலவழி என்று மறுபடி சொன்னால் மறுபடி சித்தி வீட்டுச் சுவர்தான்.

சுமையை மின்சாரத்திலிருந்து கேஸுக்கு மாற்றலாம் என்றும் சிலர் கேட்கிறார்கள். ஹீட் பம்புக்கு அது நல்லது. ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் கேஸ் மீட்டரில் முன்பணம் போட்டு ஓட்டுகிறவர்கள். அவர்களால் மாற முடிவதற்கு முன் கேஸ் விலையை ஏற்றினால் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். பொது வரிக்கு மாற்றியது சரி, அது நிரந்தரமாக வேண்டும்.

---

பாய்லர்காரர் எழுதியது:

குளிர்தாங்கி தம்பிக்கும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும்: உங்கள் வீடு ஹீட் பம்புக்குத் தயாரா என்று அறிய யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். தொட்டி இல்லாமல் குழாய்த் தண்ணீரையும் நேரடியாகச் சூடாக்கும் கோம்பி பாய்லர் என்றால் அதில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழ் அல்லது பட்டன் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் 70, 75 என்று கிடக்கும். ஜனவரிக் குளிரில் அதை 50க்கு இறக்கி, ஹீட்டிங்கை நாள் முழுக்கத் தொடர்ந்து ஓட விடுங்கள். குழாய்த் தண்ணீர்க் குமிழைத் தொட வேண்டாம். வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டுக்காரர்கள் இதைச் செய்யாதீர்கள், தொட்டி 60க்குக் கீழே போனால் கிருமி வரும்.

வீடு சூடாக இருந்தால் இருக்கிற ரேடியேட்டரே போதும், நாலைந்து மாற்றச் சொன்னவரிடம் வெப்ப இழப்புக் கணக்கை அறை அறையாகக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். கேஸே வைத்துக்கொள்ள முடிவு செய்தாலும் பில் குறையும், கண்டென்சிங் பாய்லர் கண்டென்ஸ் ஆவதே அந்தச் சூட்டில்தான்.

---

குளிர்தாங்கி எழுதியது:

ஒரே ஒரு அறை மட்டும் சூடேறாவிட்டால்?

---

பாய்லர்காரர் எழுதியது:

அந்த அறையில் ஒற்றைத் தகடு ரேடியேட்டர் இருந்தால் அதே அகலத்தில் இரட்டைத் தகடு போட்டால் போதும். குழாயை நகர்த்த வேண்டியிருக்காது. முதலில் ரேடியேட்டரின் மேலே அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும்.